மோட்டார்ஹோமில் இரண்டாவது ஹவுஸ் பேட்டரி சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மோட்டார்ஹோமுக்குள் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாவற்றையும் ஓட்டுவது ஹவுஸ் பேட்டரி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி வேறு, அதை இங்கே தொடப்போவதில்லை. 12 வோல்ட் ஹவுஸ் பேட்டரி ஒன்று வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது, அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஸ்பேனர் பிடிக்கும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். என் வண்டியில் செய்தபோதும் சரி, பிறகு தெரிந்தவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தபோதும் சரி, தவறுகளில் பெரும்பாலானவை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. பொருந்தாத பேட்டரி, ஒல்லியான கேபிள், சார்ஜ் செய்யாமல் அவசரமாக இணைத்தது. ஆகவே கீழே உள்ள வரிசையில் எதையும் முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு நாளில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று தாளில் எழுதுங்கள். வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர், அதை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்பியர்-மணி. ஒரு உதாரணம்: 45 வாட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நாளின் 40 சதவீத நேரம் ஓடினால் 36 ஆம்பியர்-மணி. 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, 4 மணி நேரம் எரிந்தால் சுமார் 7. பம்ப் 5 ஆம்பியரில் 20 நிமிடம் ஓடினால் 2கூட வராது. 60 வாட் லேப்டாப் 3 மணி நேரத்துக்கு 15. மொத்தம் ஏறக்குறைய 60 ஆம்பியர்-மணி.

ஈய-அமில பேட்டரியில், அது ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்து சீல் செய்த வகை) ஆனாலும், எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். அப்படியானால் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் கையில் கிடைப்பது 50. மேலே போட்ட கணக்குக்கு அது ஒரு நாள்கூடத் தாங்காது. இரண்டு இருந்தால் 100 கிடைக்கும், மறுநாள் மாலை வரை ஓட்டலாம்.

கூடவே பழைய பேட்டரியையும் சோதியுங்கள். முழுதாக சார்ஜ் செய்து, 5 ஆம்பியர் லோடை 10 மணி நேரம் ஓட்டுங்கள். லோடை நிறுத்தி ஓரிரு மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால், நல்ல 100 ஆம்பியர்-மணி பேட்டரி 12.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 12.0-க்குக் கீழே போயிருந்தால் அது தேய்ந்துவிட்டது, அதற்குத் துணை தேட வேண்டாம், மாற்றிவிடுங்கள். இன்னொன்று வேண்டும் என்று கிளம்பிய சிலருக்கு இந்தச் சோதனையோடு வேலை முடிந்துவிட்டது.

2. பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்: மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்

வகை, கொள்ளளவு, வயது. மூன்றும் பொருந்த வேண்டும். முடிந்தால் அதே தயாரிப்பு, அதே மாடல்.

காரணம் எளிது. பக்க இணைப்பில் (ப்ளஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) இரண்டு பேட்டரிகளுக்கும் வோல்டேஜ் ஒன்றுதான், ஆனால் எது எவ்வளவு கரண்ட் தரும் என்பதை அவற்றின் உள் மின்தடை முடிவு செய்கிறது. பழையதில் அது ஏறியிருக்கும். சுமையைப் புதியது சுமக்கும், சார்ஜ் ஏறும்போது பழையது பின்தங்கும். கடைசியில் புதியதும் பழையதன் நிலைக்கு இறங்கிவிடும். பழைய பேட்டரிக்கு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது, தினமும் பயன்பட்டது என்றால், இரண்டையும் புதிதாக வாங்குவதுதான் என் யோசனை. ஒன்றுக்கான காசு மிச்சம் என்று நினைத்தவர்கள் இரண்டாண்டில் இரண்டையும் வாங்கினார்கள்.

ஜெல், ஏ.ஜி.எம்., திரவ அமிலம் ஆகியவற்றைக் கலக்கக்கூடாது, மூன்றுக்கும் சார்ஜ் வோல்டேஜ் வேறு வேறு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை ஈய-அமிலத்தோடு நேரடியாக இணைக்கவே வேண்டாம். முழுதாக நிரம்பி ஓய்வில் இருக்கும் ஈய பேட்டரி 12.7 வோல்ட் அளவில் நிற்கும், லித்தியமோ 13.2-க்கு மேல். இணைத்த நொடியிலிருந்து ஒன்று மற்றொன்றுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். லித்தியத்தோடு லித்தியம் சேர்ப்பது சரி, ஆனால் எத்தனை வரை பக்க இணைப்பில் போடலாம் என்பதைத் தயாரிப்பாளர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. இடத்தையும் எடையையும் பாருங்கள்

100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். பேட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ, அதே அளவு லித்தியம் 12 கிலோ போல இருக்கும். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தண்ணீர், பொருட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். பின் அச்சையும் தனியாக எடை போடுங்கள். பின்பக்க டிக்கியில் வைப்பவர்கள் மொத்த எடையை மட்டும் பார்த்துவிட்டு அச்சை மறந்துவிடுகிறார்கள்.

இடம் பழைய பேட்டரிக்குப் பக்கத்திலேயே கிடைத்தால் அதுதான் சிறந்தது, இணைப்புக் கேபிள் 30 செ.மீ.யில் முடிந்துவிடும். கேஸ் சிலிண்டர் பெட்டிக்குள் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அங்கே கசியும் கேஸுக்கு ஒரு தீப்பொறி போதும்.

ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறலாம். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது வெடிக்கக்கூடியது. சீல் செய்த ஏ.ஜி.எம்.மும் அதிக சார்ஜில் வால்வைத் திறக்கும், அதனால் வாயுக் குழாய்க்கான துளை இருந்தால் குழாயை வண்டிக்கு வெளியே விடுங்கள். லித்தியத்துக்கு இந்தக் கவலை குறைவு, அதற்குக் குளிர்தான் எதிரி: 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது.

4. சார்ஜ் வரும் வழிகளைச் சரிபாருங்கள்

தொட்டியைப் பெரிதாக்கினால் குழாயில் வரும் தண்ணீர் கூடிவிடாது. இதை மறந்தவர்கள்தான் “இரண்டு பேட்டரி போட்டும் இரண்டாம் நாளே காலி” என்று வருகிறார்கள்.

வெளி மின்சாரத்தில் ஓடும் சார்ஜர்: ஈய-அமிலத்துக்கு மொத்தக் கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம் அளவுக்கு ஆம்பியர் வேண்டும், 200 ஆம்பியர்-மணிக்கு 20 முதல் 40. வண்டியோடு வந்த 10 ஆம்பியர் சார்ஜர் பாதி காலியான 200-ஐ நிரப்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கடைசிக் கட்டத்தில் பேட்டரியே கரண்டைக் குறைத்து வாங்கும் என்பதால் இன்னும் இழுக்கும். சார்ஜரின் செட்டிங் பேட்டரி வகைக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஏ.ஜி.எம்.முக்குப் பொதுவாக 14.4 முதல் 14.7, ஜெல்லுக்கு 14.1 முதல் 14.4, லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.6 வோல்ட். சரியான எண் பேட்டரியின் தகவல் தாளில் இருக்கும்.

சோலார்: 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். நாள் செலவு 60 என்றால், மீதி எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும்.

ஓடும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தருவது): ரிலே (எஞ்சின் ஓடும்போது தானே இணையும் ஸ்விட்ச்) வழியாக சார்ஜ் ஆகும் பழைய வண்டிகளில், காலியான இரண்டு பேட்டரிகள் சேர்ந்து முன்பைவிட அதிகம் இழுக்கும். அந்தக் கேபிளும் ஃப்யூஸும் ஒரு பேட்டரியை நினைத்துப் போடப்பட்டவை. புதிய வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், ஹவுஸ் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. லித்தியமோ உள் மின்தடை குறைவு என்பதால் ஆல்டர்னேட்டரைச் சூடேற்றும் அளவுக்கு உறிஞ்சும். இந்த மூன்று சிக்கலுக்கும் டிசி-டிசி சார்ஜர் (ஆல்டர்னேட்டரிலிருந்து அளவாக எடுத்து, ஹவுஸ் பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜில் தரும் கருவி) ஒன்றே தீர்வு. பட்ஜெட்டில் இதற்கு இடம் இல்லையென்றால் பேட்டரி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்பேன்.

5. கேபிளையும் ஃப்யூஸையும் கணக்கிட்டு வாங்குங்கள்

12 வோல்ட் என்பதால் ஷாக் அடிக்காது, சரி. ஆனால் வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டுக்குக் கரண்ட் ஏறும், கேபிளைச் சுடுவது கரண்ட்தான். 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில், அதன் சொந்த இழப்பையும் சேர்த்தால், 100 ஆம்பியர் வரை இழுக்கும்.

வோல்டேஜ் இழப்பைக் கண்டுபிடிக்க ஒரு வரிக் கணக்கு போதும்: போகும் தூரத்தையும் திரும்பும் தூரத்தையும் கூட்டி மீட்டரில் எழுதுங்கள், அதை ஆம்பியரால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, கேபிளின் சதுர மி.மீ. அளவால் வகுங்கள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் 2 மீட்டரில் இருந்தால் போக வர 4 மீட்டர். 100 ஆம்பியருக்கு 16 சதுர மி.மீ. கேபிளில் 0.44 வோல்ட் காணாமல் போகும், 35 சதுர மி.மீ.யில் 0.2 வோல்ட்தான். முதல் கேபிளில் பேட்டரி பாதி இருக்கும்போதே இன்வெர்ட்டர் ‘லோ வோல்டேஜ்’ என்று கத்த ஆரம்பிக்கும். புதியவர்கள் உடனே பேட்டரியைத்தான் சந்தேகிப்பார்கள்.

இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கும் கேபிளும் மெயின் கேபிளின் அதே தடிமனில் இருக்கட்டும். ஒரு பேட்டரியின் ஃப்யூஸ் போனால் மொத்தச் சுமையும் மற்றதன் வழியாகத்தான் போகும்.

ஃப்யூஸ் கேபிளைக் காப்பாற்றுவதற்காக. அதனால் அதன் அளவு வழக்கமான சுமைக்கு மேலும், கேபிள் தாங்கும் அளவுக்குக் கீழும் இருக்க வேண்டும். மேலே சொன்ன இன்வெர்ட்டருக்கு 35 சதுர மி.மீ. கேபிளோடு 125 அல்லது 150 ஆம்பியர் பொருந்தும். ஒவ்வொரு பேட்டரியின் ப்ளஸிலும் தனித்தனியாக, டெர்மினலுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் போடுங்கள். ‘ஒரு மெயின் ஃப்யூஸ் இருக்கிறதே’ என்று விடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஒரு பேட்டரிக்குள் ஷார்ட் ஆனால் மற்றது தன்னிடம் உள்ளதை எல்லாம் அதற்குள் கொட்டும், மெயின் ஃப்யூஸ் அந்தப் பாதையிலேயே இல்லை. டெர்மினல் மேலேயே உட்காரும் ஃப்யூஸ் இதற்கு வசதி. லித்தியத்தில் ஷார்ட் கரண்ட் பல ஆயிரம் ஆம்பியருக்கு ஏறும் என்பதால், அதை நிறுத்தும் திறன் கொண்ட கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் போடுவது நல்லது. சாதாரண ஃப்யூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறியாகக் கரண்ட் பாய்ந்துகொண்டிருக்கலாம்.

6. கருவிகளை முன்பே எடுத்து வையுங்கள்

மல்டிமீட்டர், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர், லக் (கேபிள் முனையில் போடும் உலோக வளையம்) அழுத்தும் கிரிம்ப் கருவி, சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச், பேட்டரித் தட்டு, பட்டை, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. ஸ்பேனரின் கைப்பிடியை மின் டேப்பால் முழுக்கச் சுற்றிவிடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையலைக் கழற்றுங்கள். ப்ளஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் ஒரு நொடியில் பழுத்துவிடும், விரலோடு சேர்த்து.

கிரிம்ப் கருவி இல்லாவிட்டால், அளவு சொல்லி லக் போட்டே கேபிளை வாங்கிவிடுங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் முதல் நாள் நன்றாக வேலை செய்யும், கோளாறு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

7. இரண்டையும் தனித்தனியே முழு சார்ஜ் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டத்தான் எல்லோருக்கும் ஆசை. நிரம்பிய பேட்டரியையும் காலியானதையும் இணைத்தால், நடுவில் தடுக்க எதுவும் இல்லாததால் பெரிய கரண்ட் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். ஃப்யூஸ் போகலாம், லித்தியத்தில் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு எலக்ட்ரானிக்ஸ்) தானே அணைந்துகொள்ளும். கடையிலிருந்து வரும் பேட்டரி பெரும்பாலும் முழுதாக நிரம்பி இருப்பதில்லை.

ஒவ்வொன்றையும் தனியாக நிரப்பி, சில மணி நேரம் சும்மா விட்டு, அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஓய்வுக்குப் பிறகு ஒன்று தொடர்ந்து தனியாக இறங்கினால் அது குறையுள்ள பேட்டரி, திருப்பிக் கொடுங்கள்.

8. எல்லா மின்சாரத்தையும் நிறுத்துங்கள்

முதலில் ஃபோனில் நாலைந்து படம் எடுங்கள், ஒவ்வொரு கம்பியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். அப்புறம் இந்த வரிசை:

எஞ்சினை அணைத்து, வெளி மின்சாரத்தைப் பிடுங்குங்கள். இன்வெர்ட்டரையும் உள்ளே இருக்கும் மெயின் ஸ்விட்சையும் அணையுங்கள். சோலார் இருந்தால், பேனலிலிருந்து சோலார் சார்ஜ் கண்ட்ரோலருக்கு வரும் இணைப்பைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். பேனல் வெயிலில் இருக்கும்போது பேட்டரியை மட்டும் கழற்றினால், போக இடமில்லாத பேனல் வோல்டேஜ் சில கண்ட்ரோலர்களைக் கெடுத்துவிடும். கடைசியாக ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து வரும் சார்ஜ் கேபிளின் ஃப்யூஸை எடுங்கள். ஹவுஸ் பேட்டரியைக் கழற்றிவிட்டோம், எல்லாம் செத்துவிட்டது என்று நினைத்துத் தொங்கவிட்ட அந்தக் கேபிள் சேஸிஸில் பட்டுப் பொறி பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் கையில்தான்.

இப்போது பழைய பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு ப்ளஸ். மைனஸ் சேஸிஸோடு இணைந்திருக்கும்போது ப்ளஸைக் கழற்றினால், ஸ்பேனர் ஏதாவது இரும்பில் பட்டாலே ஷார்ட். மைனஸ் போய்விட்டால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது அப்படியே தலைகீழ்: ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

9. அசையாமல் பொருத்துங்கள்

30 கிலோவைத் தரையோடு திருகிய தட்டில் வைத்து, போல்ட்டில் பிணைத்த பட்டையால் இறுக்குங்கள். பிளைவுட்டில் மரத் திருகு போதாது, மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போடுங்கள். மோதல் நேர்ந்தால் இந்த எடை பல மடங்கு விசையோடு பாயும். இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி விட்டால் சூடு வெளியேறும்.

10. குறுக்காக இணைத்து எடுங்கள்

ப்ளஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ். அப்போதுதான் 12 வோல்ட் அப்படியே இருக்கும், ஆம்பியர்-மணி மட்டும் கூடும். ஒன்றின் ப்ளஸை மற்றதன் மைனஸில் போட்டால் தொடர் இணைப்பு, 24 வோல்ட்.

முதலில் இரண்டு ப்ளஸ்களையும், ஃப்யூஸ்கள் வழியாக, இணைத்துவிட்டு நிறுத்துங்கள். இணைக்காத இரண்டு மைனஸ்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 0-வை ஒட்டிக் காட்டினால் சரி. 25 வோல்ட் போலக் காட்டினால் எங்கோ ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது, நல்ல வேளை. இந்த அரை நிமிடச் சோதனையைத் தவிர்த்து ஒரு கண்ட்ரோல் பேனலை எரித்தவரை எனக்குத் தெரியும். மீட்டர் திருப்தியானால் மைனஸ் கேபிளை மாட்டுங்கள்.

இனி வண்டிக்குப் போகும் மெயின் கேபிள்கள். ப்ளஸை முதல் பேட்டரியிலிருந்தும், மைனஸை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் பழைய பேட்டரியிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கம், ஏனென்றால் அவை ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. அப்படி விட்டால் முதல் பேட்டரியின் கரண்ட் நேராகப் போகும், இரண்டாவதன் கரண்ட் இரண்டு இணைப்புக் கேபிள்களைத் தாண்ட வேண்டும். பேட்டரியின் உள் மின்தடையே சில மில்லி ஓம்தான், அதனால் கேபிளும் லக்கும் சேர்க்கும் சிறு தடைகூடப் பங்கீட்டைச் சாய்த்துவிடும். குறுக்காக எடுத்தால் இரண்டின் பாதையிலும் ஒரே ஒரு இணைப்புக் கேபிள் வரும். மூன்று பேட்டரி என்றால் இந்த வித்தை போதாது, பஸ்பார் (பல கேபிள்களை ஒரே இடத்தில் மாட்டும் உலோகப் பட்டை) வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே நீளக் கேபிள் போடுங்கள்.

லக்கை டெர்மினலின் ஈயத் தட்டையில் நேராக உட்காரவையுங்கள், வாஷர் லக்குக்கு மேலேதான். இரும்பு வாஷர் நடுவில் மாட்டிக்கொண்டால் அந்த இடம் சூடாகும். அதிக கரண்ட் போகும் லக் அடியில், மெல்லிய கம்பிகள் மேலே. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், ஈயம் மென்மையானது.

11. மானிட்டரின் ஷன்ட்டை மறக்காதீர்கள்

ஷன்ட் (கரண்டை அளக்க மைனஸ் பாதையில் வைக்கும் சிறு மின்தடை) வைத்த பேட்டரி மானிட்டர் இருந்தால், ஷன்ட்டின் பேட்டரிப் பக்கத்தில் பேட்டரி மைனஸ் மட்டுமே இருக்க வேண்டும். சேஸிஸ், சோலார், சார்ஜர், இன்வெர்ட்டர் மைனஸ்கள் எல்லாம் மறுபக்கம். ஒன்று தவறி பேட்டரியிலேயே மாட்டப்பட்டால் அந்தக் கரண்ட் கணக்கில் வராது, சதவீதம் நாளுக்கு நாள் பொய் சொல்லும். செட்டிங்கில் கொள்ளளவையும் 100-லிருந்து 200 ஆக்குங்கள்.

12. லோடு கொடுத்துச் சோதியுங்கள்

மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதே கடைசி மைனஸை மாட்டினால், இன்வெர்ட்டரின் கெபாசிட்டர் நிரம்பும் பெரிய பொறி வராது. பிறகு ஸ்டார்ட்டர் பக்க ஃப்யூஸ், மெயின் ஸ்விட்ச், சோலார் பேனல் என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுங்கள். பேனலை கண்ட்ரோலருக்குக் கொடுக்கும் முன் கண்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்வெர்ட்டரில் 50 ஆம்பியர் அளவுக்கு ஏதாவது ஓட்டி, கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு பேட்டரியின் கேபிளிலும் மாட்டிப் பாருங்கள். 25-25 வராது, 23-27 வந்தால் நன்று. 35-15 என்றால் எங்கோ ஒரு லக் சரியில்லை. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை டெர்மினலிலும் மறுமுனையை லக்கிலும் வைத்தால் குற்றவாளி தெரிந்துவிடும்: நல்ல இணைப்பு சில மில்லிவோல்ட்தான் காட்டும், 20, 30 என்று ஏறுவதைக் கழற்றித் தேய்த்து மறுபடி போடுங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு கையால் தொட்டும் பாருங்கள், ஒரு லக் மட்டும் தனியாகச் சூடாக இருக்கக்கூடாது.

அடுத்து எஞ்சினை ஓட்டி, சார்ஜ் வருகிறதா, ரிலே கேபிள் சூடாகிறதா என்று பாருங்கள். வெளி மின்சாரத்தையும் மாட்டி, சார்ஜர் சரியான வோல்டேஜுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். சார்ஜரின் மெயின்ஸ் பக்கத்தில் மாற்றம் தேவைப்பட்டால் அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஒரு வாரமோ, நீண்ட ஒரு பயணமோ கழிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள், ஒன்றிரண்டாவது கொஞ்சம் நகரும். மூன்று மாதத்துக்குப் பிறகு இரண்டையும் பிரித்து, ஒரு நாள் ஓய்வு கொடுத்து, தனித்தனியே வோல்டேஜ் அளந்து தேதியோடு பேட்டரியின் மேலேயே எழுதி வையுங்கள்.